ஜன்னலுக்கு ஒரு பாவு

சித்திரை பிறந்தால் போதும், எங்கள் ஆரணியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான். "மேற்கு ஜன்னலை மூடினா இருட்டு, திறந்தா நெருப்பு!" சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இந்தக் கஷ்டம் இருக்கும். அதனால் இந்த இதழில் சமையலறையை விட்டு ஜன்னல் பக்கம் வந்திருக்கிறேன். அழகுக்காக மட்டும் சொல்லப் போவதில்லை. இந்த ஜன்னலால் என் வீட்டில் ஒரு உயிரே போகத் தெரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தறி. பட்டுத் தறி இருக்கும் வீட்டில் வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. வெளிச்சம் இல்லாவிட்டால் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது. வெயில் நேராக விழுந்தாலோ ஜரிகை கண்ணைக் கூசும். அனல் காற்றில் பாவு காய்ந்து இழை படபடவென்று அறும். போதாததற்குப் பட்டுக்கு வெயில் பரம விரோதி. இயற்கை நூல்களில் சீக்கிரம் வெயிலுக்குத் தோற்பது பட்டுதான். நிறம் மங்கும், பலமும் குறையும். பாதி நெய்த புடவையில் ஒரு பக்கம் வெளுத்தால் கூலி என்ன ஆகும்?

முதலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். கூடம் குகை மாதிரி ஆகிவிட்டது. பிறகு கடையில் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைகள் கோத்த பிளைண்ட்ஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். கயிற்றை இழுத்தால் மேலே போகும், இன்னொரு கயிற்றை அசைத்தால் பட்டைகள் திரும்பும். "நம்ம வீடு ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சே!" என்று இவர் கேலி செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு வருஷம்தான். பட்டைகள் பழுப்பேறி, தொட்டால் அப்பளம் போல் நொறுங்க ஆரம்பித்தன. அப்போது என் சின்னவனுக்கு ஒன்றரை வயது. காற்று வரட்டும் என்று ஜன்னலுக்குக் கீழே கட்டிலைப் போட்டுத் தூங்க வைத்துவிட்டு, துணி உலர்த்தக் கொல்லைப் பக்கம் போயிருந்தேன். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. மறு நிமிஷம் என் மாமியாரின் குரல், "ஐயோ, கத்திரியக் குடுடா!"

ஓடி வந்து பார்த்தால், குழந்தை கட்டிலில் எழுந்து நின்றிருக்கிறான். தொங்கிக்கொண்டிருந்த கயிற்று வளையம் கழுத்தில். தார் சுற்றிக்கொண்டிருந்த அத்தை எதேச்சையாகத் திரும்பிப் பார்த்திருக்கிறார். தறியில் இருந்த கத்திரியால் இவர் கயிற்றை வெட்டினார். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். கடவுள் காப்பாற்றினார். அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

சகோதரிகளே, இது என் வீட்டில் மட்டும் நடக்கக்கூடியது அல்ல. திரைக் கயிற்றில் குழந்தைகள் சிக்கி இறப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. கழுத்து இறுகினால் குழந்தையால் கத்த முடியாது, சத்தமே வராது. அடுத்த அறையில் இருக்கும் தாய்க்குக்கூடத் தெரியாது. அமெரிக்காவில் கடைகளில் ஆயத்தமாக விற்கும் இந்த வகைத் திரைகளில் கயிறே இருக்கக் கூடாது, இருந்தால் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும் என்ற விதிமுறை 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நொறுங்கும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996-ல் அதே நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்புக் கமிஷன் ஓர் எச்சரிக்கை விட்டது. வெளிநாடுகளிலிருந்து வந்த சில வினைல் பட்டைத் திரைகளில், பிளாஸ்டிக் உறுதியாக இருப்பதற்காக ஈயம் சேர்த்திருந்தார்கள். வெயிலிலும் சூட்டிலும் பட்டை சிதைந்து, அதன் மேல் ஈயத் தூசி படிகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு ஈயம் உடம்பில் ஏறும். கழுவினாலும் பட்டை சிதைவது நிற்காது. அதனால் சின்னக் குழந்தை உள்ள வீடுகளில் அப்படிப்பட்ட பழைய திரைகளைக் கழற்றி எறிந்துவிடச் சொன்னார்கள். பொடிந்து விழும் பழைய பிளாஸ்டிக் திரை உங்கள் வீட்டில் இருந்தால், நீங்களும் அதையே செய்யுங்கள். காசு போனால் போகட்டும்.

நானும் கழற்றினேன். "இனிமே என்ன மாட்டறது அத்தை?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல தாழ்வாரத்துல மூங்கில் தட்டி தொங்கும். அதுல ஏதும்மா கயிறு? தறிக்காரன் வூட்டுல இருந்துகிட்டு ஒரு தட்டிக்குக் கடைக்குப் போவாங்களா? பாவுக்கு நூலு, ஊடைக்கு மூங்கிலு. அதுவும் நெசவுதானே!" என்றார்.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு உண்மை! மேலிருந்து கீழே ஓடும் நூல் பாவு. குறுக்கே நிற்கும் பட்டை ஊடை. இலண்டனில் எட்வர்ட் பெவன் என்பவர் 1769-ல் பட்டைகளைத் திருப்பும் திரைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு வெகு காலம் முன்பே நம் பக்கத்துத் தாழ்வாரங்களில் தட்டி தொங்கியிருக்கிறது.

கடைத் திரையில் உலோகப் பட்டை மெல்லியதாக இருந்தும் தொய்வதில்லை. ஏன் தெரியுமா? அது லேசாக வளைந்திருக்கும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பைப் பாருங்கள், நீட்டினால் விறைப்பாக நிற்கும், அழுத்தினால் மடங்கும். அதே தந்திரம்தான். மூங்கிலுக்கு அந்தக் கவலையே இல்லை. மெல்லிசாகச் சீவினால் வளையும், விட்டால் நிமிரும்.

ஆனால் என் முதல் தட்டி படுதோல்வி! பட்டைகளைத் தடிமனாகச் சீவச் சொல்லிவிட்டேன். சுருட்டினால் தட்டி பூதம் மாதிரி உப்பிக்கொண்டது. பட்டைகளும் நூலிலிருந்து வழுக்கிப் பக்கவாட்டில் ஓடின. இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது. அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

ஜன்னல் 3 அடி அகலம், 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றிய மூங்கிலாகப் பார்த்து வாங்குங்கள். சில வாரம் தண்ணீரில் ஊறிக் காய்ந்தது என்றால் நல்லது. மாவுச்சத்து கரைந்துவிடுவதால் வண்டு அவ்வளவாக அரிக்காது. கூடை, முறம் பின்னுபவர்களிடம் சொன்னால், 6 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனத்தில் பட்டை சீவித் தருவார்கள். தோல் பக்கத்துப் பட்டையாகக் கேளுங்கள், அதுதான் உடையாமல் வளையும். சிம்பு கையில் ஏறாமல் இருக்க உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள்.

பட்டைக்குப் பட்டை 2 மில்லிமீட்டர் இடைவெளி. அப்படியானால் எட்டில் இரண்டு பங்கு, அதாவது கால் பங்கு வெளிச்சம் உள்ளே வரும். தறிக்கும் போதும், படிக்கிற பிள்ளைக்கும் போதும். இந்தக் கணக்கில் 4 அடிக்குச் சுமார் 152 பட்டைகள் பிடிக்கும்.

கட்டுவதற்கு முறுக்கேறிய பருத்தி நூல். இரண்டு ஓரத்திலும் 2 அங்குலம் தள்ளி ஒவ்வொரு வரிசை, நடுவில் 8 அங்குலத்துக்கு ஒன்று, ஆக மொத்தம் 5 வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் 20 அடி நூலை எடுத்து, இரண்டாக மடித்து மேல் பட்டையில் மாட்டுங்கள். ஒரு நூல் பட்டைக்கு முன்னே, ஒரு நூல் பின்னே. அடுத்த பட்டையை வைப்பதற்கு முன் இரண்டையும் ஒரு முறை மாற்றி முறுக்குங்கள். அந்த முறுக்குத்தான் பட்டையையும் பிடித்துக்கொள்ளும், இடைவெளியையும் தரும். இரண்டு ஓர வரிசையில் மட்டும் பட்டையில் சின்னதாக ஒரு கீறல் போட்டால் வழுக்கவே வழுக்காது. மேலேயும் கீழேயும் கொஞ்சம் தடித்த மூங்கில் ஒன்று வைத்து முடியுங்கள்.

இனி அலங்காரம். மத்திய ஆசியாவில் கிர்கிஸ் பெண்கள் தங்கள் கூடாரங்களுக்கு ஒரு வகைப் புல் தண்டில் திரை செய்வார்கள். ஒவ்வொரு தண்டிலும் சாயம் தோய்த்த கம்பளியைத் தனித்தனியாகச் சுற்றி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் முழுக் கோலமும் எழும். இதைக் கேள்விப்பட்டதும், நம் தெருவில் இல்லாத நூலா என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

கோபுரக் கரை போட்டேன். கீழிருந்து 12 பட்டைகள். முதல் பட்டையில் 24 சென்டிமீட்டர் நீளத்துக்கு நெருக்கமாக நூல் சுற்ற வேண்டும். அடுத்ததில் 22, அதற்கடுத்ததில் 20 என்று இரண்டிரண்டாகக் குறைத்து, பன்னிரண்டாவதில் 2 சென்டிமீட்டர். ஒரு கோபுரம் ஆயிற்று. 3 அடி அகலத்தில் பக்கத்துக்குப் பக்கம் மூன்று கோபுரம் தாராளமாக நிற்கும். மூன்றுக்கும் சேர்த்துச் சுற்ற வேண்டிய நீளம் 5 மீட்டர்கூட இல்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் நாலு நாளில் முடித்துவிடலாம்.

இங்கேயும் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். சுற்றிய பட்டைகளுக்கு நம்பர் போட மறந்துவிட்டேன். கட்டி முடித்துத் தொங்கவிட்டால் கோபுரம் இடிந்து விழுந்த மாதிரி இருந்தது! இவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஜக்கார்டுல அட்டைய மாத்திக் கோத்துட்டியா?" என்றார். ஆகவே ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் பென்சிலால் நம்பர் போடுங்கள். முதலில் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டால், ஒரு வரிசைக் கட்டம் ஒரு பட்டை என்று கணக்கு சுலபம்.

மீந்த பட்டு நூலைச் சுற்றலாமே என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரே கோடையில் அரக்குச் சிவப்பு வெளிறிப் போய்விட்டது. பட்டு பெட்டிக்குள் இருக்கட்டும். வெயிலுக்குச் சாயம் நிற்கும் பருத்தி நூலே இதற்கு நல்லது.

மாட்டும் இடம்தான் மிக முக்கியம். தட்டியை ஜன்னலுக்கு வெளியே மாட்டுங்கள். உள்ளே மாட்டினால், வெயில் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தட்டியில் படும். பட்டை சூடாகி, அந்தச் சூடு கூடத்திலேயே தங்கிவிடும். வெளியே தடுத்தால் சூடு வெளியிலேயே போய்விடும். "சன்ஷேடு இருக்கிறதே" என்று கேட்காதீர்கள். நம் பக்கம் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடுப்பகலில் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அந்த வெயிலைச் சன்ஷேடு தடுக்கும். நாலு மணி வெயில் சாய்ந்து வந்து அதற்குக் கீழே நுழைந்துவிடும். அதைத் தட்டிதான் தடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கழற்றிச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டால் பல வருஷம் உழைக்கும்.

தூக்குவதற்குக் கயிறு வேண்டவே வேண்டாம். கையால் சுருட்டி, மேலே ஆணியில் இருக்கும் இரண்டு குட்டை நாடாக்களால் முடிச்சுப் போடுங்கள். நாடா ஒரு முழத்துக்கு மேல் தொங்கக் கூடாது, வளையமாகவும் இருக்கக் கூடாது. வேறு ஏதாவது கயிறு வைத்த திரை இருந்தால், கயிற்றைச் சுருட்டிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் கட்டிவிடுங்கள். கட்டிலோ தொட்டிலோ நாற்காலியோ ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். இதை இன்றைக்கே, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ச் செய்யுங்கள். தட்டியை மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம்.

இப்போது சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் கூடத்தில் வெளிச்சம் கோடு கோடாகத் தரையில் விழுகிறது. சின்னவன் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி விளையாடுகிறான். அத்தை தார் சுற்றுகிறார், தறி ஓடுகிறது. தறிச் சத்தம் சட்டென்று நின்றால் மட்டும், இன்றும் எனக்கு நெஞ்சு ஒரு தரம் திக்கென்கிறது. திரும்பிப் பார்ப்பேன். இவர் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருப்பார்.