திடீர் மரணம் என்றொரு சொல்

இலங்கையில் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்றொரு பதவி உண்டு. பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்த நாட்களில் அவ்விசாரணைகளுக்குச் சென்று குறிப்பெடுத்து வருவது எங்களைப் போன்ற புதியவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. சாட்சியங்கள் முடிந்து எழும்போது 'திடீர்' என்ற சொல்லுக்கு அநேகமாக அங்கே இடம் இருப்பதில்லை. இறந்தவர் மூன்று மாதமாக நெஞ்சு நோவென்று முணுமுணுத்து வந்த கதை அதற்குள் வெளிவந்திருக்கும். இருந்தும் மறுநாள் 'திடீர் மரணம்' என்றே தலைப்பிட்டோம்.

அண்மையில் அந்தச் சொல்லை மீண்டும் கேட்க நேர்ந்தது. இம்முறை இறந்தது ஒரு பச்சோந்தி.

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகனுக்கு வயது பதின்மூன்று. "மாமா, ராஜா திடீரெண்டு செத்துப் போயிட்டான். முந்தநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தவன்" என்று தொலைபேசியில் அழுதான். யெமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டையுடைய இனம் அது. மேலைநாட்டு வளர்ப்புப் பிராணிக் கடைகளில் பரவலாக விற்கப்படுவது. ஒழுங்காக வளர்த்தால் பெண் நான்கைந்து வருடமும் ஆண் அதற்கு மேலும் வாழும். ராஜா வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

மகனின் மனம் ஆறட்டுமென்று தங்கை உடலை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றாள். அறுத்துப் பார்த்தபோது உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருந்தன. ராஜா பெண்!

இந்த இனத்தின் ஆண் குஞ்சுக்குப் பிறக்கும்போதே பின்னங்கால் குதியில் முள் போன்றதொரு சிறு புடைப்பு இருக்கும். பெண்ணுக்கு அது இராது. விற்றவர் ஒரு தடவை காலைப் பார்த்திருந்தால் போதும்.

ஆண் துணையில்லாமல் முட்டையா என்று நீங்கள் கேட்கலாம். சேவல் இல்லாத வீட்டுக் கோழியும் முட்டையிடத்தானே செய்கிறது? பெண் பச்சோந்தியும் அவ்வாறே. தீனி அளவுக்கு மிஞ்சினால் முட்டைகளின் தொகையும் கூடும். அவற்றை இடுவதற்கு ஈரமான மணல் வேண்டும். அதுவும் உடல் முழுவதும் புகுந்து சுரங்கம் தோண்டுமளவு ஆழமாக வேண்டும். மணல் கிடைக்காவிட்டால் அது முட்டைகளை அடக்கிக்கொண்டே இருந்துவிடும். கடைசி வாரத்தில் ராஜா கூட்டின் அடித்தளத்தில் இறங்கி, மூலைக்கு மூலை ஓடி, தகட்டைப் பிறாண்டிக்கொண்டிருந்ததாம். விளையாட வெளியே வரத் துடிக்கிறான் என்று பிள்ளை எண்ணியிருக்கிறான்.

எனக்கும் இதில் பங்குண்டு. சில வாரங்களுக்கு முன் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கரும்பச்சை உடலில் நீலமும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள். "எவ்வளவு வடிவு பாருங்கோ மாமா" என்று எழுதியிருந்தான். நானும் வடிவென்றே பதில் எழுதினேன். அது முட்டை சுமக்கும் பெண் 'என்னை நெருங்காதே' என்று ஆணுக்குக் காட்டும் நிறம் என்பதைப் பின்னர்தான் வாசித்தறிந்தேன். கட்சி தாவும் அரசியல்வாதிகளை ஏசுவதற்கு முப்பது வருடங்களாகப் பச்சோந்தியைப் பயன்படுத்தி வந்த பேனா என்னுடையது. இருக்குமிடத்துக்கு ஏற்றாற்போல் ஒளிந்துகொள்வதற்காக அது நிறம் மாறுகிறது என்பதே பெரும்பாலும் தவறாம். வெப்பத்தையும் கோபத்தையும் துணை தேடலையும் அது தோலால் பேசுகிறது. தோலிலுள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் இது நிகழ்கிறதென்று ஜெனீவாப் பல்கலைக்கழகத்தினர் 2015இல் காட்டினர். அது பேசியிருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்கள் நாங்கள்.

இன்னொரு காரணம் கூட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பச்சோந்தியின் உடல் விற்றமின் டியை ஆக்குவதற்குப் புற ஊதாக் கதிர் தேவை. அது இல்லாவிட்டால் உண்ணும் கல்சியம் உடலில் சேராது. எலும்பு மெலியும், தசைகள் சுருங்க மறுக்கும், முட்டையை வெளியே தள்ளவும் வலு இராது. குளிர்நாட்டு வீட்டில் இதற்கென விசேட விளக்குப் பொருத்துவார்கள். யன்னல் கண்ணாடிவழி வரும் வெயிலால் பயனில்லை. கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். பொல்லாத விடயம் என்னவென்றால், அவ்விளக்குகளிற் பல ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கதிரிழந்து போகின்றன; வெளிச்சம் மட்டும் வழக்கம்போல் எரியும். ஒன்றரை வருடமாக ராஜாவின் விளக்கு மாற்றப்படவில்லை. எரிகிற விளக்கை யார் மாற்றுவார்?

வேறு காரணங்களும் உண்டு. கிண்ணத்துத் தண்ணீரைப் பல பச்சோந்திகள் தண்ணீரென்றே கண்டுகொள்வதில்லை; இலையில் வழியும் துளியைத்தான் நக்கும். நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே சிறுநீரகம் கெட்டு இறப்பவை உண்டு. காற்றோட்டமற்ற கண்ணாடிப் பெட்டி, இன்னொரு பச்சோந்தியின் ஓயாத பார்வை, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவற்றின் குடற்புழுக்கள் எனப் பட்டியல் நீளும். அறுத்துப் பார்த்தும் காரணம் அகப்படாத மரணங்களும் இருக்கவே செய்கின்றன. ஆனால், நலிவை வெளிக்காட்டினால் பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகிவிடும் பிராணி, நோயைக் கடைசிவரை மறைக்கும். கண் குழிந்து, பகலிலும் கண்மூடிக் கிடக்கும்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. அதைத்தான் 'திடீர்' என்கிறோம்.

பெற்றோர் முதலில் வாசித்தறிந்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. என் தங்கை அதை ஒப்புக்கொள்கிறாள். ஆயினும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் விடயம் தெரிந்திருக்க வேண்டியவர் பணத்தைப் பெற்றுக்கொண்டவரே. கூடு, விளக்கு, தீனிப் பூச்சி என்று ஒவ்வொன்றாக விற்கத் தெரிந்த கடைக்கு, இது ஆணா பெண்ணா, விளக்கை எப்போது மாற்றவேண்டும், பெண்ணென்றால் மணல் வேண்டும் என்ற மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? பற்றுச்சீட்டின் பின்பக்கமே போதும். எழுதிக் கொடுக்காமல் உயிருள்ள பிராணியை விற்க முடியாதென்று சட்டம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

மருமகன் இப்போது இன்னொன்று வேண்டுமென்கிறான். தங்கையோ கூட்டையும் சாமான்களையும் விற்றுவிட விளம்பரம் கொடுக்கப் போகிறாளாம். எது நடந்தாலும் அந்த விளக்கை மட்டும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.