ஒரே தராசு

நம் கரிசல் காட்டு விவசாயி உளுந்து மூட்டையைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால், வியாபாரி எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் தராசின் மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். எடை குறைந்தால் அங்கேயே கேட்டுவிடுவார். வானத்தை நம்பி விதைத்து எடுத்த மகசூல் அல்லவா அது! அதே விவசாயி, ஆட்சியில் நடக்கும் ஊழலைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டு தராசு வைத்துக்கொள்கிறார். தன் கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று. அவரை மட்டும் குறை சொல்வானேன்? கல்லூரியில் படிக்கும் நாமும் அப்படித்தானே இருக்கிறோம்!

ஆட்சியின் குறைகளை எடுத்துச் சொல்லும் கடமை பத்திரிகைகளுக்கு உண்டு. அந்தக் கடமைக்கு நம் மண்ணோடும் தொடர்பு உண்டு. பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். வெள்ளையர் ஆட்சி பொறுக்கவில்லை. 1908ல் அவ்விதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதானார். பாரதியார் புதுச்சேரிக்குச் செல்ல நேர்ந்தது.

வெள்ளையர் போய் நம்மவர் ஆட்சி வந்தது. கேலியைப் பொறுக்கும் மனம் வந்ததா? 1987ல் ஆனந்த விகடன் அட்டையில் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்யும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெளிவந்தது. அதில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழவே, சில நாட்களில் விடுதலை செய்தார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2003 நவம்பரிலும் ‘தி இந்து’ நாளேட்டினருக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் சட்டமன்றம் பதினைந்து நாள் சிறைத் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சட்டமன்றத்தின் உரிமைகள் எவை என்று வரையறுக்கும் சட்டம் மட்டும் இன்றுவரை இயற்றப்படவில்லை.

ஆட்சியாளர் மீது மட்டும் பழி போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாமா? பத்திரிகைகளிலும் ஒருதலைப் பார்வை இல்லையா? தமிழகத்தில் கட்சிக்கொரு நாளேடு உண்டு. தலைவர்களின் குடும்பத்தாரும் கட்சியினரும் நடத்தும் தொலைக்காட்சிகளும் உண்டு. எதிர் அணியின் ஊழல் அங்கே எட்டுக்காலச் செய்தி. சொந்த அணியின் ஊழலோ ‘அரசியல் பழிவாங்கல்’!

பழிவாங்கல் என்ற சொல்லுக்கு இடம் கொடுத்தவர்களும் அரசியல்வாதிகளே. 1976 ஜனவரி 31ல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அந்த ஆட்சியின் மீதான புகார்களை விசாரிக்க நீதிபதி சர்க்காரியா தலைமையில் மத்திய அரசு கமிஷன் அமைத்தது. அது நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்ததால், புகார் மெய்யா பொய்யா என்று எவரும் தாராளமாக எழுத முடியவில்லை. 1980ல் அதே காங்கிரசும் தி.மு.க.வும் கூட்டணி சேர்ந்தன. கமிஷன் அறிக்கையால் தண்டனை அடைந்தவர் எவருமில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2001ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின், ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கின் சாட்சிகள் பலர் மீண்டும் அழைக்கப்பட்டு, முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் தடுக்கவில்லை. வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர் யார்? எதிர்க்கட்சியான தி.மு.க.வின் க. அன்பழகன். 2003ல் வழக்கு கர்நாடகம் சென்றது. இறுதித் தீர்ப்பு வந்தது 2017ல். அதற்குள் ஜெயலலிதா காலமாகிவிட்டார்.

இவ்விரண்டிலும் ஒரே பாடம்தான். ஊழலைத் துரத்துவது எதிரியின் வேலை என்று நாம் விட்டுவிட்டோம். எதிரி கூட்டாளியானால் புகார் உறங்கிவிடுகிறது. எதிரி ஆட்சியைப் பிடித்தால் விழித்துக்கொள்கிறது. நியாயம் தேர்தலுக்குத் தேர்தல் நிறம் மாறுகிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். மழை பொய்த்தால் வறட்சி நிவாரணப் பட்டியலையும், பயிர்க் காப்பீட்டுத் தொகையையும் எதிர்பார்த்து நிற்பது நம் கரிசல் பூமி. தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் நம் தாய்மாருக்கு ஒரு வீட்டுமனைப் பட்டா பெரிய காரியம். அந்தப் பட்டியலில் பெயர் சேர, உரிமை போதாமல் கட்சிக்காரர் பரிந்துரை தேவைப்பட்டால், சென்னையில் தொடங்கிய வியாதி நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

மாணவ நண்பர்களே! டீக்கடைப் பெஞ்சில் கிடக்கும் ஒரு பத்திரிகையோடு நிறுத்தாதீர்கள். அதற்கு எதிரான பத்திரிகையையும் படியுங்கள். தகவல் அறியும் உரிமைக்குத் தமிழகம் 1997லேயே சட்டம் கண்டது. 2005ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் நம் ஊர் ஓடைப் பாலத்துக்கு ஆன செலவைக் கேட்கலாம். கேட்பதற்கு எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் வேண்டியதில்லை.

நம் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க நமக்குத் துணிவு இருக்கிறதா? அந்தத் துணிவு வரும் நாளில்தான் நம் கையில் ஒரே தராசு இருக்கும்.