பத்திரம் படிப்பவரின் கூலி

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் திருவனந்தபுரத்தில் மூன்று சென்ட் வாங்கப் போகும் நம் குடும்பங்கள், வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடுகின்றன.

சார்பதிவாளர் புத்தகத்தில் ஏறியதை மட்டுமே அச்சான்று சொல்லும். மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் ஏறாமலே இருக்கலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 58ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. உயிலும் தெரியாது. முப்பது ஆண்டுப் பத்திரங்களைப் புரட்டி, எந்த வாரிசு கையெழுத்திடவில்லை என்று ஒருவர் உட்கார்ந்து படிக்கவேண்டும். அவையோ மலையாளத்தில்! நம்மில் எத்தனை பேருக்குப் படிக்க வரும்?

படிக்கிறவர் வக்கீல் குமாஸ்தா. பஸ் காசுக்கும் டீக்கும் சரியாய்ப்போகும் கூலியைக் கொடுத்தால், அவர் சான்றை மட்டும் பார்த்துவிட்டுக் ‘குறையில்லை’ என்று எழுதுகிறார். குற்றம் அவருடையது மட்டுமா? ஆள் குறைத்த ஆபீசில் பேரேடு எப்படி எழுதப்படும் என்பது ரயில்வேக் குமாஸ்தாக்களான எங்களுக்குத் தெரியாததல்ல. தரகருக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் நாம், இவரிடம்தான் பேரம் பேசுகிறோம்.

நாள் கணக்குப் பார்த்துக் கூலி கொடுங்கள். நான்கு குடும்பம் சேர்ந்து ஒருவரை அமர்த்தினால் அவருக்கும் கட்டும், நமக்கும் கட்டும். படித்த பத்திரங்களின் எண்ணையும் வருடத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அசலைக் கண்ணால் பாருங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.