ஒண்ணும் ஆகலையே!



நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "இத்தனை வருஷமா செய்றேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே!" புகையிலை போடுகிறவர் சொல்வார். சர்க்கரை நோய்க்கு ரத்தம் கொடுத்துப் பார்க்க மறுப்பவர் சொல்வார். மலையில் மேகம் கட்டியிருக்கும்போது ஓடையில் இறங்குபவரும் சொல்வார். இந்த ஒரு வாக்கியத்தை நாம் நம்பவே கூடாது என்பது என் கருத்து. காரணம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அக்காக்கள் "பயன்தொடக்க அதிர்வெண்" என்று படிப்பார்கள். துத்தநாகத் தகட்டின் மேல் சாதாரண வெளிச்சத்தை எவ்வளவு அடித்தாலும் ஓர் எலக்ட்ரான்கூட வெளியே வராது. புற ஊதா ஒளி கொஞ்சம் பட்டாலே வந்துவிடும். 1905-ல் இதை விளக்கியதற்காகத்தான் ஐன்ஸ்டீனுக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் எல்லைக்கோடு வரை ஒன்றுமே நடக்காது, அதைத் தாண்டினால் உடனே நடக்கும். பயன்தொடக்கம் என்பது இதுதான்.

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. சிவகாசித் தீப்பெட்டி போதும். குச்சியை மெதுவாக உரசினால் சும்மா கோடு விழும். வேகமாக உரசி, மருந்து எரிவெப்பநிலையைத் தொட்டதும் குப்பென்று பற்றும். பாதி நெருப்பு என்று ஒன்று கிடையாது. நம் நரம்பும் அப்படித்தான். செல்லின் மின்னழுத்தம் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் இருந்து ஏறத்தாழ மைனஸ் 55-க்கு வந்தால்தான் செய்தி ஓடும். வராவிட்டால் ஓடாது.

நம் பிளவக்கல் பெரியாறு அணையையே பாருங்கள். அதன் உயரம் 47.56 அடி. தண்ணீர் 10 அடியிலிருந்து 30 அடிக்கு ஏறினாலும் கீழே ஆற்றோரம் இருப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. நிரம்பும் நேரத்தில்தான் உபரி நீர் திறப்பார்கள், எச்சரிக்கை அறிவிப்பு செய்வார்கள். மலையும் அப்படியே. காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். மண் நிறைந்த பிறகு பெய்கிற மழை எல்லாம் ஓடைக்குத்தான் வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் இறந்துபோனார்கள். ஓடை கொஞ்சம் கொஞ்சமாக எச்சரிக்கை செய்யும் என்று நினைக்கவே கூடாது.

உடம்பு விஷயம் இன்னும் மோசம். மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால்தான் சர்க்கரை நோய் என்று பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அது தாமதமான சாட்சி. சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராம் இருந்தாலே அது நோய். சிறுநீரகமோ ஏறத்தாழ 180 வரை சர்க்கரையை வெளியே விடாமல் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால்தான் சிறுநீரில் கசியும். எறும்பு வரும் வரை காத்திருந்தால், அந்த இடைவெளியில் கண்ணும் காலும் சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருக்கும். சிறுநீரகத்தின் வேலையில் ஏறத்தாழப் பாதி போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவே கூடிக் காட்டும். "ஒண்ணும் ஆகலையே" என்று சொன்ன காலத்தில்தான் எல்லாம் ஆகிக்கொண்டிருந்தது!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு ஃபுளூரைடு ஒரு நல்ல உதாரணம். குடிநீரில் கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை படியும், இன்னும் கூடினால் எலும்பே வளையும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் இருப்பதை 1937-லேயே எழுதி வைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது. தண்ணீரைப் பார்த்தாலும் குடித்தாலும் வித்தியாசமே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

இரண்டு விஷயங்களில் நாம் ஏமாறக் கூடாது. முதலாவது, எல்லாக் கோடும் இயற்கை போட்ட கோடு இல்லை. 34 மார்க் எடுத்தவனுக்கும் 35 எடுத்தவனுக்கும் மூளையில் என்ன வித்தியாசம்? (ஆசிரியர்கள் மன்னிக்கவும்!) அது மனிதன் வசதிக்காகப் போட்ட கோடு. 126-ம் அப்படித்தான். 125 இருப்பவர் நிம்மதியாக மைசூர்பாகு சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. இரண்டாவது, சிலவற்றுக்குக் கோடே கிடையாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையிலையும் அதே ரகம்.

எல்லைக்கோடு நல்லதற்கும் உண்டு. ஓர் ஊரில் 95 சதவீதம் பேர் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டால், ஊசி போட வயது வராத கைக்குழந்தைக்கும் நோய் வராமல் ஊரே காக்கும். 80 சதவீதத்தில் நின்றுவிட்டு "பாதிக்கு மேல போட்டாச்சே" என்று சொன்னால் குழந்தைக்குக் காவல் இல்லை.

வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் மயில் பீலி ஏற்றிய வண்டியைச் சொல்கிறார். இறகு லேசானதுதான், ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும். முறிகிற நிமிடம் வரை வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கும். வண்டிக்காரரும் "ஒண்ணும் ஆகலையே" என்றுதான் சொல்லியிருப்பார்!

ஆகவே நண்பர்களே, வீட்டில் 30 வயது தாண்டியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். காசு கிடையாது. மலையில் கருமேகம் தெரிந்தால் ஓடையில் கால் வைக்காதீர்கள். யாராவது "ஒண்ணும் ஆகலையே" என்றால், சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு ஏறியிருக்குன்னு அளந்து பார்த்தீங்களா?"