கணினி ஆசிரியர்க்குத் தமிழில் பயிற்சி தருக!

பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் ஏடுகளை அச்சேற்றியதோடு நின்றுவிடவில்லை; கல்லூரி கண்டது; தேர்வுகள் நடத்திப் புலவர்களை உருவாக்கியது. நூல் மட்டும் போதாது, கற்பிப்பாரும் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

இன்று அக்கரிசல் மண்ணின் பிள்ளைகளுக்கு மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் நூல் தமிழில் உண்டு. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்பு நூலில் தமிழ்க் கணிமைக்கென்றே ஓர் இயல் உண்டு. கற்பிக்கும் ஆசிரியரோ கல்லூரியில் ஆங்கிலத்தில் பயின்றவர். நூலில் 'மாறி' என்றிருக்க, அவர் வாயில் 'வேரியபிள்' வருகின்றது. குற்றம் அவருடையதன்று, அவரைப் பயிற்றுவித்த முறையினுடையது.

"நிரல்மொழியே ஆங்கிலந்தானே? தமிழ் எதற்கு?" என்பர் அடிமையுள்ளத்தார். பைத்தான் மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் நாற்பதுக்கும் குறைவு! சிக்கலைப் பகுத்துப் படிப்படியாய் வழிகாணும் எண்ணமன்றோ கணிமை? அவ்வெண்ணம் தாய்மொழியிலன்றி வேறெதில் தெளியும்? பைத்தான் மூன்றாம் பதிப்பில் மாறிக்கு 'மழையளவு' என்று தமிழிலேயே பெயரிடலாம், பொறி மறுக்காது. மறுப்பவர் மாந்தரே!

ஆதலின், கணினி ஆசிரியர்ப் பயிற்சி முழுதும் தமிழில் நடைபெறல் வேண்டும். பாடநூலின் கலைச்சொற்களை அவர்கள் ஆண்டு பழக வேண்டும். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் தட்டெழுதும் திறன் அவர்கட்குக் கட்டாயமாதல் வேண்டும்.

நூலைத் தமிழில் தந்து ஆசிரியரை ஆங்கிலத்தில் விடுவது, விதைத்துவிட்டு நீரை அடைப்பதாகும். அரசே, மடையைத் திற!