பந்தும் பக்தியும்

பகுத்தறிவைப் பேசுகிற பத்திரிகைக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஜனங்கள் எங்கே ஆயிரக்கணக்காய்க் கூடுகிறார்களோ, எங்கே தங்கள் உழைப்பின் காசைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்களோ, எங்கே செருப்பை வாசலில் விடுவதுபோல் புத்தியையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைகிறார்களோ, அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்கிறது என்பதே நமது பதிலாகும்.

நான் உதைபந்தாட்டத்தின் எதிரியல்ல; அதன் அபிமானி. ஒரு பந்தும் ஒரு பொட்டல் வெளியும் இருந்தால் இருபது பேர் ஆடிவிடலாம். குதிரை வேண்டியதில்லை, மட்டை வேண்டியதில்லை, காலில் ஜோடுகூட வேண்டியதில்லை. ஏழைக்கு இதைப்போல் தகுந்த ஆட்டம் வேறொன்று கிடையாது. ஆகவே ஆட்டத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆட்டத்தின் பேரால் பக்தியை வளர்த்து, அந்தப் பக்தியை மூலதனமாக வைத்துச் சிலர் கொள்ளையடிப்பதும், கொள்ளை கொடுத்தவன் கைதட்டிக்கொண்டு நிற்பதுமாகிய காரியத்தோடுதான் வழக்கு.

இங்கிலாந்தில் பெரிய பந்தாட்டச் சங்கங்கள் எப்படிப் பிறந்தன என்று முதலில் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் என்பது 1878-ல் ரயில்வேத் தொழிலாளிகள் ஏற்படுத்திய சங்கம். ஆர்சனல் என்பது 1886-ல் உல்விச் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஏற்படுத்தியது. வெஸ்ட் ஹாம் என்பது 1895-ல் கப்பல் கட்டும் பட்டறையில் பிறந்தது. சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டதும் மைதானத்திற்கு வந்து நின்ற கூலிக்காரன் கொடுத்த சில்லறைக் காசில்தான் அந்த மைதானங்கள் எழும்பின. இன்று அவை யாருடைய சொத்து? கோடீசுவரர்களுடைய சொத்து. பாட்டன், அப்பன், பேரன் என்று மூன்று தலைமுறையாகக் காசு கொடுத்த குடும்பத்திற்கு அங்கே உள்ள உரிமை, சீட்டு வாங்கி உள்ளே போகிற உரிமை ஒன்றுதான்.

இதை எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறதல்லவா? கல் சுமந்தவன் ஒருவன், உண்டியலில் காசு போடுகிறவன் ஒருவன், சாவி மாத்திரம் தர்மகர்த்தாவின் இடுப்பில்! கணக்குக் கேட்டால் "சாமி காரியத்தில் சந்தேகப்படலாமா?" என்பான் அவன். "சங்கத்தின்மேல் விசுவாசமுள்ளவன் இப்படிக் கேட்பானா?" என்பான் இவன். பாஷைதான் வேறு, வித்தை ஒன்றே.

இந்த வித்தையின் பலனுக்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறேன். பெரி என்பது மான்செஸ்டருக்கு அடுத்த ஒரு நெசவாலை ஊர். 1885-ல் ஏற்பட்ட அவ்வூர்ச் சங்கம் 1900-லும் 1903-லும் எப்.ஏ. கோப்பையை ஜெயித்தது. 1903-ல் இறுதி ஆட்டத்தில் டெர்பியை ஆறுக்குப் பூஜ்யமாகத் தோற்கடித்ததை அடுத்த 116 வருஷகாலம் ஒருவரும் எட்டிப் பிடிக்கவில்லை. இப்பேர்ப்பட்ட சங்கம் 2018 டிசம்பரில் 1 பவுனுக்குக் கை மாறிற்று. 2019 வசந்த காலத்தில் ஆட்டக்காரர்கள் நன்றாய் ஆடி மேல் வகுப்புக்கு ஏறினார்கள். ஆனால் கடன் தீரவில்லை. கடனைத் தீர்க்கப் பணமிருக்கிறதென்று முதலாளியால் காட்ட முடியவில்லை. 2019 ஆகஸ்டு 27-ந் தேதி, 1894 முதல் இருந்துவந்த லீக்கை விட்டே அந்தச் சங்கம் தள்ளப்பட்டது. அன்றைய தினம் ஊர் ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜனங்களின் அன்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அன்பில் பத்தில் ஒரு பங்கு முன்னமே கணக்குப் புத்தகத்தின் பக்கம் திரும்பியிருந்தால், துடைப்பத்தோடு நின்று அழவேண்டிய காலம் வந்திருக்குமா என்று கேட்கிறேன்.

இரண்டாவது ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரம். அங்கே ரேஞ்சர்ஸ், செல்டிக் என்று இரண்டு பெரிய சங்கங்கள். முன்னது புரொட்டஸ்டண்டுக்காரர் கட்சி, பின்னது கத்தோலிக்கர் கட்சி என்று பேர் வாங்கிக்கொண்டன. ரேஞ்சர்ஸ் சங்கத்தில், தெரிந்து ஒரு கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்பது எத்தனையோ பத்து வருஷங்களாக எழுதாத சட்டமாயிருந்தது. 1989-ல் மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்கரைப் பகிரங்கமாகச் சேர்த்தபோது, அபிமானிகளில் சிலர் சங்கத்தின் நிறமுள்ள கழுத்துத் துணிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அதே வருஷம் நவம்பரில் செல்டிக்குக்கு எதிரான ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டவர் அந்த ஜான்ஸ்டனேதான்! பந்துக்கு ஞானஸ்நானம் உண்டா? கோல் கம்பத்துக்குச் சிலுவை தெரியுமா? மறுபுறம் செல்டிக் சங்கம் 1967-ல் ஐரோப்பாக் கோப்பையை ஜெயித்தபோது அதற்கு மானேஜராக இருந்த ஜாக் ஸ்டீன் ஒரு புரொட்டஸ்டண்டு. மதம் பார்க்காத இடத்தில் வெற்றி வந்தது. மதம் பார்த்த இடத்தில் நெருப்பு வந்தது.

நெருப்பு வந்ததல்லாமல் வேறு என்ன வந்தது? எதிர்க்கட்சிக்காரனின் மதத்தைத் திட்டுவதில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சொந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று. 2011-ல் ரேஞ்சர்ஸ் சங்கமும் 1 பவுனுக்கே விலையாயிற்று. 2012-ல் வரிபாக்கியும் கடனும் கழுத்தை நெரிக்க, சங்கத்தை நடத்திவந்த கம்பெனி கலைப்புக்குப் போயிற்று. புதிய கம்பெனியின் பேரில் நான்காவது வகுப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்த வகுப்பில் சொந்த மைதானத்தில் நடந்த முதல் லீக் ஆட்டத்திற்கு 49,000 பேருக்கு மேல் வந்தார்கள்! இந்த விசுவாசம் சாமானியமானதல்ல. ஆனால் 49,000 பேரும் 49,000 ஓட்டாக இருந்திருந்தால் சங்கம் 1 பவுனுக்கு விலையாகியிருக்குமா? மதத்துவேஷம் என்பது எப்போதுமே திருடனுக்குக் காவல் நாயாக இருந்து உபகாரம் செய்கிறது. அது எதிர்வீட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும்போது உள்வீட்டுப் பெட்டி காலியாகிவிடுகிறது.

நிற்க, இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்பீர்கள். பரிகாரத்தை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

லண்டனில் விம்பிள்டன் என்ற பகுதியில் 1889 முதல் ஒரு சங்கம் இருந்தது. 1988-ல் லிவர்பூலைத் தோற்கடித்து எப்.ஏ. கோப்பையை எடுத்தது. 1991-ல் சொந்த மைதானத்தை விட்டு வேறு சங்கத்தின் மைதானத்தில் குடியிருக்கப் போயிற்று. பிறகு முதலாளிகள், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குச் சங்கத்தையே பெயர்த்துக்கொண்டு போக அனுமதி கேட்டார்கள். அபிமானிகள் கதறினார்கள். 2002 மே 28-ந் தேதி மூன்று பேர் கொண்ட ஒரு கமிஷன், இரண்டுக்கு ஒன்று என்ற ஓட்டில் அனுமதி கொடுத்துவிட்டது. அபிமானிகள் புதிதாக ஒரு சங்கம் ஏற்படுத்துவது பந்தாட்டத்தின் பொது நன்மைக்கு உகந்ததல்ல என்று உபதேசமும் செய்தது.

அபிமானிகள் என்ன செய்தார்கள்? விதி என்று உட்காரவில்லை. சில வாரங்களுக்குள் ஏ.எப்.சி. விம்பிள்டன் என்ற புதுச் சங்கத்தைத் தாங்களே ஏற்படுத்தினார்கள். ஊர்ப் பொது வெளியில் பரீட்சை வைத்து, வந்த 230 பேரிலிருந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கினார்கள். ஒன்பதாவது படியிலிருந்து ஏற ஆரம்பித்தார்கள். 2003 முதல் 2004 வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோற்கவேயில்லை. ஒன்பது வருஷத்தில் ஐந்து படி ஏறி, 2011-ல் பெரிய லீக்குக்குள் புகுந்தார்கள். 2020 நவம்பரில் தங்கள் சொந்தப் பகுதியிலேயே, பழைய இடத்துக்குப் பக்கத்தில், புது மைதானத்தில் ஆடினார்கள். சங்கத்தின் ஆதிக்கம் அபிமானிகளின் அமைப்பிடம் இருக்கிறது. அதில் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு ஓட்டு. பணக்காரனுக்கு இரண்டு ஓட்டு கிடையாது. 2022-ல் ஒரு வகுப்பு இறங்கினார்கள், 2025-ல் மறுபடி ஏறினார்கள். ஏற்றமும் இறக்கமும் ஆட்டத்தில் சகஜம். ஆனால் யாரோ ஒருவன் இராத்திரியோடு இராத்திரியாகச் சங்கத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பயம் போயிற்று. பெரி ஊராரும் பிற்பாடு மைதானத்தை மீட்டு, 2023-ல் கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஆட ஆரம்பித்தார்கள். பந்தாட்டத்தில் சுயமரியாதை என்றால் இதுதான், தோழர்களே!

"பணக்காரன் இல்லாவிட்டால் பெரிய ஆட்டம் ஆட முடியுமா?" என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். ஜமீன்தார் இல்லாவிட்டால் நெல் விளையுமா என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் தவிர, சங்கத்தின் ஓட்டில் பாதிக்கு மேல் அங்கத்தினர்களிடமே இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்காக ஜெர்மனியில் பந்து உருளாமல் நின்றுவிட்டதா? 2021 ஏப்ரல் 18-ந் தேதி ஐரோப்பாவின் 12 பெரிய சங்கங்களின் முதலாளிகள், தங்களுக்குள்ளேயே ஒரு தனி லீக் வைத்துக்கொள்வதாக விளம்பரம் செய்தார்கள். தோற்றாலும் கீழே இறங்க வேண்டாமாம். அதாவது பிறப்பினாலேயே உயர்ந்த ஜாதி! அபிமானிகள் மைதான வாசலில் கூடி எதிர்த்தார்கள். இரண்டே நாளில் இங்கிலாந்தின் ஆறு சங்கங்களும் பின்வாங்கின. பிற்பாடு 2025 ஜூலையில் சங்கங்களின் கணக்கைக் கண்காணிக்க இங்கிலாந்து சர்க்கார் ஒரு சட்டமே செய்தது. ஜனங்கள் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பிறப்பினால் உயர்ந்த ஜாதி என்றேன். மற்ற விளையாட்டுகளிலும் இந்த ஜாதி புகுந்தே இருந்தது. கிரிக்கெட்டைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அதே இங்கிலாந்தில் 1962 வரையில் "கனவான்கள்", "ஆட்டக்காரர்கள்" என்று இரண்டு வருணம் இருந்ததை ஏனோ பேசுவதில்லை. காசு வாங்காமல் ஆடும் சீமான் கனவான். கூலி வாங்கி ஆடுகிறவன் வெறும் ஆட்டக்காரன். இருவருக்கும் உடை மாற்றும் அறை வேறு, பேரை அச்சிடும் முறைகூட வேறு. ரக்பி ஆட்டத்தில், ஆட்டத்திற்காக வேலையை விட்டு வந்த தொழிலாளிக்குப் போன கூலியைக் கொடுக்கக்கூடாது என்று சீமான்கள் பிடிவாதம் செய்ததால், 1895-ல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் பிரிந்து தனி ஆட்டமே ஏற்படுத்திக்கொண்டன.

நம் நாட்டு யோக்கியதையோ அதற்கும் மேல். பம்பாய்க் கிரிக்கெட்டில் இந்து, பார்சி, முஸ்லிம், ஐரோப்பியர் என்று மதத்துக்கு ஒரு கட்சி கட்டி 1946 வரையில் ஆடினார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு அக்காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த பந்து வீச்சாளர். 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவருக்குப் பூனாவில் மற்றவர்களோடு இருந்து தேநீர் குடிக்க யோக்கியதை இல்லையாம்! வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தார்கள். அவர் எடுத்துக் கொடுத்த விக்கெட்டில் தீட்டு இல்லை. குடித்த குவளையில்தான் தீட்டு! அவர் ஆடின காலம் முழுவதும் இந்துக் கட்சிக்குத் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1923-ல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

அதெல்லாம் பழங்கதை என்று சொல்லுவீர்களானால், நேற்றைய கதையையும் கேளுங்கள். 2022-ல் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம், ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களை முன்னிட்டு ஆட்டக்காரர்களுக்கு ஊக்கம் கொடுக்க ஒரு ஜோசியக் கம்பெனிக்கு 16 லட்சம் ரூபாய் கொடுத்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. யார் யாரை ஆடவிடலாம் என்று ஜோசியரிடம் பட்டியல் அனுப்பிக் கேட்டதாகவும் 2023-ல் செய்தி வந்தது. காலைப் பார்த்து ஆளைப் பொறுக்குவதா, ஜாதகத்தைப் பார்த்துப் பொறுக்குவதா? கட்சி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது; உடனே கிரகத்தின் மகிமை என்பார்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த அந்தக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பிற்றே, அப்போது கிரகங்கள் எங்கே போயிருந்தன? 2022 ஆகஸ்டில் நிர்வாகத்தில் வெளியார் தலையீட்டுக்காக உலகச் சம்மேளனம் இந்தியாவைச் சில நாள் தள்ளி வைத்தது. அதையாவது எந்த ஜோசியன் முன்கூட்டிச் சொன்னான்? 2025-ல் லீக் நடத்துகிற கம்பெனிக்கும் சம்மேளனத்துக்கும் ஒப்பந்தம் முடிகிற தகராறில் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டு, சில சங்கங்களில் ஆட்டக்காரர்களின் சம்பளமும் நின்றது. கிராமத்து மைதானத்துக்குப் பந்தும் வலையும் வாங்கவேண்டிய காசு ஜோசியன் மடிக்குப் போகிற நாட்டில் பந்தாட்டம் எப்படி உருப்படும்?

ஆகவே தோழர்களே, உங்களுக்குப் பிடித்த சங்கம் எதுவானாலும், அதை நேசியுங்கள், பூசை செய்யாதீர்கள். ஆட்டக்காரனை மெச்சுங்கள், அவன் ஜாதியையும் மதத்தையும் விசாரிக்காதீர்கள். தோற்றால் பயிற்சியைத் திருத்தச் சொல்லுங்கள். பரிகாரம் செய்யச் சொல்லாதீர்கள். ஊரிலே நாலு பேர் சேர்ந்து ஒரு பந்தாட்டச் சங்கம் வைத்தாலும் சரி, வருஷத்துக்கு ஒருமுறை கணக்கை எல்லோர் முன்னும் படிப்பது, ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது ஆகிய இரண்டையும் முதல் விதியாக எழுதி வையுங்கள். பெரிய மனுஷர் யாராவது வந்து "நான் பணம் போடுகிறேன், சாவியை மாத்திரம் என்னிடம் கொடுங்கள்" என்று சொன்னால், பணத்திற்கு ரசீது கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

– ஒரு பந்தாட்ட அபிமானி