மத்தியானக் கச்சேரிக்கு வாருங்களேன்!

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் மயிலாப்பூர், தி.நகர் பக்கமெல்லாம் ஒரே கச்சேரிமயம். "சாயங்காலம் கிளம்பினா ராத்திரிச் சாப்பாட்டை யார் பார்க்கறது?" என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். மத்தியானக் கச்சேரி இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா? பல சபாக்களில் அதற்கு டிக்கெட்டே கிடையாது. சாப்பாட்டுக் கடையை ஒழித்துப் போட்டுவிட்டுப் போனால், குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் திரும்பிவிடலாம். பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளம் வித்வான்கள். பேர் தெரியாதவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். நாளைக்கு இவர்களில் சிலரைக் கேட்க நாமே க்யூவில் நிற்கப் போகிறோம்!

"எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாதே" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. ராகம் கிடக்கட்டும், முதலில் தாளத்தைப் பிடியுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று. அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அவ்வளவுதான். கூடவே போட்டுக்கொண்டு வாருங்கள். பாட்டு எங்கே எடுக்கிறது, எங்கே வந்து சேர்கிறது என்பது தானே பிடிபடும்.

எனக்கு ஆத்திரம் வருவது தனி ஆவர்த்தனத்தின்போதுதான். பெரிய உருப்படியைப் பாடி நிறுத்தி, பாடகர் மிருதங்கத்துக்கு இடம் விடுவார். உடனே பாதி சபை எழுந்து காண்டீனுக்கு நடையைக் கட்டும்! ஒரு தடவை மிருதங்கம் வாசித்த பிள்ளைக்கு இருபது வயசுகூட இருக்காது. காலி நாற்காலிகளைப் பார்த்தே வாசித்தான். அவன் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு மனசு வரலை.

இத்தனைக்கும் தனியில்தான் எத்தனை சுவாரஸ்யம்! மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, போகப் போக அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அதற்குக் குறைப்பு என்று பெயர். பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை. கோர்வையை மூன்று தடவை வாசித்து நிறுத்தும் இடத்தில் பாட்டு வந்து சேர்ந்துகொள்ளும். நம் விரலும் அங்கே சரியாக வந்து நின்றால் ஏற்படுகிற சந்தோஷம் இருக்கிறதே! ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியின் நடுவில் காப்பிக்கு எழுந்த என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

ஏ.சி. ஹாலில் கால் ஜில்லிட்டுப் போகும். ஒரு சால்வை இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறும் வயிற்றோடு வராதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஓரத்து நாற்காலிதான் சௌகரியம், காலை நீட்டிக்கொள்ளலாம்.